விட்டுப்போன ‘தான்’

ஏலவார்குழலி கணினியில் தன் தேர்வு விடைத்தாளைத் திறந்து பார்த்தபோது வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணி. விடைக்குறிப்பில் ஆட்சேபம் இருப்பவர்கள் அன்று மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

விடைக்குறிப்பு திங்கட்கிழமையே வந்துவிட்டது. அவளுக்குத்தான் நேரமில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையின் மாடியில், கணினியில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்துப் பார்டருக்கும் முந்தானைக்கும் டிசைன் போடுவது அவள் வேலை. ஆவணி முகூர்த்தங்களுக்கான சேலைகள் தறியேறக் காத்திருந்தன. நான்கு நாளாகச் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திரைக்கு முன்னால் வைத்துத்தான் திறந்தாள். இன்றுதான் ஒரு யானை வரிசையை முடித்துவிட்டு, ஒரு கையில் தயிர்சாதமும் இன்னொரு கையில் மவுசுமாக, மூன்று வாரம் முன்பு எழுதிய தேர்வின் விடைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

நூறு கேள்விகள். கேள்விக்கு ஒரு மதிப்பெண். எழுபத்தேழு வந்தது.

மறுபடி எண்ணினாள். எழுபத்தேழுதான்.

அரசுத் துறை ஒன்றில் இளநிலை ஆய்வாளர் வேலைக்கான தேர்வு அது. அறுபது இடங்கள். எழுபத்தெட்டுக்குக் கீழே கிடைக்காது என்று எழுதியவர்கள் எல்லோரும் வாட்சப் குழுக்களில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பாள்.

தப்பான இருபத்து மூன்றையும் பார்த்துக்கொண்டே வந்தவள் அறுபத்து மூன்றாம் கேள்வியில் நின்றாள். அது நிபந்தனைக் கேள்வி. எது தப்பினாலும் அது தப்பக் கூடாது.

ஏனென்றால் அந்த வகைக் கேள்வி அவளை இரண்டு மாதம் படுத்தி எடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நூலகத்தின் மாடியில் சேர்ந்து படித்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் மாகறலிலிருந்து வரும் பிரேம்நாத் அந்தக் கேள்விகளை ஊதித் தள்ளுவான். அவன் ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறவன். “எது தேவையான நிபந்தனை, எது போதுமான நிபந்தனைன்னு பிரிச்சிட்டா முடிஞ்சிதுக்கா” என்பான். பிரிப்பதுதான் அவளுக்கு வரவில்லை. இருபது கேள்வி போட்டால் ஒன்பது சரியாக வரும்.

பிறகு ஒரு நாள் காலை. அவள் கணவன் லோகேஷ் தறிக்காரன். தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டிய நாள் அது. முந்தின நாள் வானம் மூட்டமாக இருந்ததால் மகள் தீபிகாவிடம், “வெயில் வந்தாத்தான்மா பாவு போட முடியும்” என்று சொல்லியிருந்தான். காலையில் பளீரென்று வெயில் அடித்தது. ஒன்பது வயது தீபிகா வாசலில் நின்று, “வெயில் வந்துடுச்சே, ஏன்பா போடல?” என்று கேட்டாள்.

“ஆளு வரலியே. நான் ஒருத்தனே பாவை இழுத்துக் கட்ட முடியுமா?”

“வெயில் வந்தா போடுவேன்னு சொன்னியே!”

“வெயில் வந்தா போடுவேன்னா சொன்னேன்? வந்தாத்தான் போட முடியும்னு சொன்னேன். நல்லா கேளு.”

உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த குழலி கரண்டியை மாவிலேயே போட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுக்க ஓடினாள். ‘வந்தா’ என்றால் போதும். ‘வந்தாத்தான்’ என்றால் தேவை; ஆனால் அது மட்டும் போதாது. வித்தியாசம் ஒரு ‘தான்’. தோசை கருகியது. அன்று இருபதுக்குப் பத்தொன்பது வந்தது. அடுத்த ஞாயிறு அவள் இதைச் சொன்னபோது பிரேம்நாத் மேசையைத் தட்டி, “அக்கா, இது எந்தப் புத்தகத்துலயும் இல்லியே!” என்று கத்திவிட்டான். அதிலிருந்து அந்தக் குழுவில் அவற்றுக்குத் ‘தான் கேள்வி’ என்றே பேர்.

அப்படிப்பட்ட கேள்வியில் தப்பா?

தயிர்சாதத்தை ஒதுக்கிவிட்டுக் கேள்வியை வாய்விட்டுப் படித்தாள்.

‘அடையாள அட்டை வைத்திருந்தால் உறுப்பினர் கூட்டத்துக்குள் அனுமதிக்கப்படுவார். க என்னும் உறுப்பினர் அடையாள அட்டை வைத்திருக்கிறார். எனவே: அ) க அனுமதிக்கப்படுவார். ஆ) க அனுமதிக்கப்பட மாட்டார். இ) க அனுமதிக்கப்படுவாரா என்று உறுதியாகக் கூற முடியாது. ஈ) இவற்றில் எதுவுமில்லை.’

அவள் போட்டது அ. விடைக்குறிப்பு சொன்னது இ.

மறுபடி படித்தாள். ‘வைத்திருந்தால்.’ விரலைத் திரையில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். ‘வைத்திருந்தால்தான்’ இல்லை. ‘வைத்திருந்தால் மட்டுமே’ இல்லை. வெறும் ‘வைத்திருந்தால்’. அப்படியென்றால் அட்டை போதும். க உள்ளே போகலாம். அ தான் சரி!

நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடிக்கும் வேகத்தில் எழுந்தாள். பிரேம்நாத்தைப் போனில் கூப்பிட்டாள். அவன் மாகறலில் அப்பாவின் நெல் வயலுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தான்.

“பிரேமு, உனக்கு அறுபத்து மூணு இன்னா வந்துச்சு? அடையாள அட்டை கேள்வி.”

“இ போட்டேன்கா. கரெக்டு.”

“இங்கிலீஷ்ல கேள்வி எப்படி இருந்துச்சு? ஞாபகப்படுத்திச் சொல்லுப்பா.”

“‘ஒன்லி இஃப்’, அட்டை இருந்தாத்தான். ஒன்லி இஃப்னு தெளிவா இருந்துச்சு. அதான் டக்குனு இ போட்டேன். ஏன்கா?”

“தமிழ்ல தான் இல்லப்பா! மொழிபெயர்த்தவங்க ‘தான்’ஐ உட்டுட்டாங்க! வெறும் இஃப் ஆயிடுச்சு. தமிழ்ல படிச்சவங்களுக்கு அ தான் சரி. நான் அ போட்டேன். எனக்கு எழுபத்தேழு, இது வந்தா எழுபத்தெட்டு!”

மறுமுனையில் மருந்து மெஷின் சத்தம் நின்றது.

“சரிக்கா. சாயங்காலம் பேசலாம்” என்றான்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்கப்பா!”

“கையெல்லாம் மருந்து. அப்புறம் பேசறேன்.” இணைப்பு அறுந்தது.

அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரேம்நாத்துக்கு எழுபத்தெட்டு என்று திங்கட்கிழமையே குழுவில் போட்டிருந்தான். மதிப்பெண் சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அவனுக்கு இருபத்தாறு. அவன் ஏன் போனை வைத்தான் என்று அவளுக்குப் புரிந்தது, கோபம் வரவில்லை. ஆனால் நிற்க நேரமில்லை.

கீழே இறங்கி முதலாளியிடம், “அவசரமா வெளிய போவணும்ணே. யானை பார்டரை ஏழு மணிக்குள்ள முடிச்சிக் குடுத்துடுவேன்” என்றாள்.

“யாருக்காவது உடம்பு சரியில்லியாம்மா?”

“ஒரு எழுத்து சரியில்லண்ணே” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

மூங்கில் மண்டபம் சந்திப்பில் கோயில் பார்க்க வந்த வேன்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக மாட்டிக்கொண்டிருந்தன. ஒரு வேன் ஓட்டுநர் இறங்கி நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தார். குழலி சந்துக்குள் திருப்பினாள். அங்கே யாரோ ஒரு பந்தலுக்குக் குழி தோண்டியிருந்தார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஏறி, நூலகத்தை அடைந்தபோது இரண்டரை.

நூலகர் சுகாசினி அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துப் பழகியவர். “இன்னாமா, வியாழக்கிழமையில?”

“பன்னண்டாவது கணக்குப் புத்தகம் வேணும் மேடம். ரெண்டாம் பகுதி. கடைசி பாடத்துல ‘எனில்’ பத்தி வரும். ஆட்சேபத்துக்கு ஆதாரப் பக்கம் இணைக்கணுமாம்.”

“அதை யாரோ எடுத்துக்கினு போயிருக்காங்களே.” குழலியின் முகத்தைப் பார்த்ததும் சுகாசினி சிரித்தார். “எதுக்கு இப்படி வெளுத்துப் போற? நெட்டுல முழுப் புத்தகமும் இருக்குது. அந்த ரெண்டாவது கம்ப்யூட்டர்ல உக்காரு. அதுதான் கொஞ்சம் ஓடுது.”

கொஞ்சம்தான் ஓடியது. புத்தகம் இறங்குவதற்குள் குழலி நகம் கடித்து முடித்தாள். ஆனால் பக்கம் கிடைத்தது. ‘எனில்’ போட்டால் என்ன பொருள், ‘எனில், எனில் மட்டுமே’ போட்டால் என்ன பொருள் என்று அட்டவணை போட்டுச் சொல்லியிருந்தது. அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

ஆட்சேபம் எழுதும் பெட்டியில் ஐந்நூறு எழுத்துக்குமேல் ஏற்காது. நான்கு முறை எழுதி அழித்தாள். கடைசியில் இப்படி வந்தது: ‘தமிழ் வினாவில் உள்ள வாக்கியம் அடையாள அட்டையைப் போதுமான நிபந்தனையாகக் கூறுகிறது. இ சரியான விடையாக வேண்டுமென்றால் அது தேவையான நிபந்தனையாக மட்டும் இருக்க வேண்டும். அதற்கு ‘வைத்திருந்தால்தான்’ அல்லது ‘வைத்திருந்தால் மட்டுமே’ என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆகவே தமிழில் எழுதியவர்களுக்கு அ சரியான விடை.’

அனுப்புவதற்கு முன்னால் விதிமுறைகளைப் படித்ததாக ஒப்புக்கொள்ளும் கட்டத்தைத் தட்ட வேண்டும். அவள் எதையும் படிக்காமல் தட்டுகிறவள் அல்ல. படித்தாள். பதினான்காவது விதியில் உயிர் போய்விட்டது.

‘இரு மொழி வடிவங்களுக்கிடையே வேறுபாடு எழுந்தால், ஆங்கில வடிவமே இறுதியானது.’

மணி மூன்றே முக்கால். மின்விசிறி தலைக்கு மேல் கிறீச்சிட்டது. குழலி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதானா?

“இன்னா ஆச்சு?” என்றார் சுகாசினி.

“இங்கிலீஷ்தான் கடைசின்னு போட்டிருக்காங்க மேடம்.”

“அப்படித்தான் எல்லாத்துலயும் போடுவாங்க. எந்தக் கேள்விக்குன்னு பாத்தியா?”

சுகாசினி ஆறுதலுக்காகத்தான் கேட்டார். ஆனால் குழலி சட்டென்று திரையை மேலே இழுத்தாள். பதினான்காவது விதிக்கு ஒரு தலைப்பு இருந்தது. ‘இரு மொழிகளிலும் வினா காட்டப்படும் பகுதிகளுக்கு மட்டும்.’ தேர்வின் முதல் பகுதி இரண்டு மொழியிலும் வந்தது. தர்க்கப் பகுதி அப்படி வரவில்லை. அவரவர் தெரிவு செய்த மொழியில் மட்டுமே திரையில் வந்தது. ஆங்கிலக் கேள்வியை அவள் பார்க்கவே இல்லை!

“மேடம்! இது எனக்குப் பொருந்தாது! ரெண்டு மொழியும் காட்டினாத்தான் இந்த விதி!”

வாசிப்பறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். சுகாசினி உதட்டில் விரல் வைத்தார். ஆனால் அவர் கண்கள் சிரித்தன.

இனி ஒரே ஒரு குறை. இது மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழைதான் என்று நிரூபிக்க ஆங்கில விடைத்தாள் ஒன்று இருந்தால் யாரும் மறுத்துப் பேச முடியாது. பிரேம்நாத்திடம் இருந்தது. போனைக் கையில் எடுத்தாள். அவன் பெயர்மேல் விரலை வைத்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். உன் இடத்தை நீயே எனக்கு எடுத்துக் கொடு என்று ஒருவனிடம் எந்த வாயால் கேட்பது? இருப்பதை வைத்தே அனுப்புவோம் என்று முடிவு செய்தாள்.

பாடப் பக்கத்தின் அளவு அதிகம் என்று இணையதளம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. அதைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடதடவென்று காலடி கேட்டது. பிரேம்நாத். சட்டையில் மருந்து வாடை. காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த தாள்.

“அனுப்பிட்டியா?” என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

“இன்னும் இல்ல. நான் இங்க இருக்கறது எப்படிப்பா தெரியும்?”

“வேற எங்க இருப்ப?” தாளை மேசைமேல் வைத்து விரித்தான். அவனுடைய ஆங்கில விடைத்தாள். அறுபத்து மூன்றாம் கேள்வி. பதிவு எண்ணைக்கூட மறைக்கவில்லை. “வர்ற வழியில பிரிண்ட் எடுத்துக்கினு வந்தேன். பென் டிரைவ்லயும் இருக்குது.”

அவள் தாளைத் தொடவில்லை. “கணக்குப் போட்டியா?”

“போட்டேன். அதான் போனை வச்சேன்.” அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். “உனக்கும் எழுபத்தெட்டு ஆச்சுன்னா நீ எனக்கு மேல. நீ மட்டுமா? தமிழ்ல எழுதினவங்க எத்தினி பேரு அ போட்டிருப்பாங்க! அத்தினி பேரும் ஒரு படி ஏறுவாங்க. நான் நின்ன இடத்துலயே நின்னுக்கினு இருப்பேன்.”

“தெரிஞ்சுதான் வந்தியா?”

“பாதி வயலு மருந்து அடிச்சேன்கா. மீதி பாதி அடிக்கவே முடியல. நான் படிச்ச கேள்விக்கு நான் போட்டது சரி. நீ படிச்ச கேள்விக்கு நீ போட்டது சரி. ரெண்டு பேரும் சரின்னா ஒருத்தருக்கு மட்டும் மார்க்கு குடுக்கறது எந்த லாஜிக்கு? அதுக்கு மேல எனக்கு யோசிக்கத் தெரியல. வண்டியை எடுத்துட்டேன்.”

குழலி தாளை அவன் பக்கமே தள்ளினாள். “உன் தாள் இல்லாமலே நான் ஜெயிக்கலாம்பா. ஆதாரம் வேற இருக்குது” என்றாள்.

“ஜெயிக்கலாம். இது இருந்தா நிச்சயம் ஜெயிக்கலாம். அப்போ இது இன்னா நிபந்தனை, சொல்லு.”

“போதுமானது. ஆனா தேவையானது இல்ல.”

“பாஸ். ஏத்து!”

இருவரும் சிரித்தார்கள். சுகாசினி இந்த முறை நிஜமாகவே அதட்டினார்.

அவனுடைய கோப்பையும் சேர்த்து ஏற்றி ‘சமர்ப்பி’யைத் தட்டியபோது மணி நான்கு நாற்பத்தெட்டு. திரை சுழன்றது, சுழன்றது, பிறகு கேட்டது: பதிவு செய்த கைப்பேசி எண்ணுக்கு வந்துள்ள ஆறு இலக்க எண்ணை உள்ளிடவும்.

குழலி தலையில் கை வைத்தாள். “ஐயோ, பதிவு செஞ்சது அவரு நம்பர்ப்பா!”

லோகேஷ் தறியில் இருக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை. முதல் அழைப்பை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அழைப்பை எடுத்தது பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்த தீபிகா.

“தீபி, அம்மாடா. அப்பா போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும் பாரு. சீக்கிரம் படி.”

“ஓடிபியா?”

“ஆமாமா, ஓடிபிதான், படி!”

“ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க.”

“நான் யாரோ இல்லடி, உங்கம்மா!”

“அம்மா மாதிரியே குரல் மாத்திப் பேசுவாங்களாம். மிஸ் சொன்னாங்க.”

“என் நம்பர் தெரியுதா இல்லியா போன்ல?”

“நம்பரையும் மாத்துவாங்களாம்.”

பிரேம்நாத் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். குழலிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “சரி, எனக்குச் சொல்லாத. போனை எடுத்துக்கினு போயி அப்பா கையில குடு. ஓடு!”

ஓடும் சத்தம் கேட்டது. எதையோ தட்டிவிட்ட சத்தமும் கேட்டது. தறியின் ‘டக் டக்’ நெருங்கி வந்து நின்றது. அதற்குள் திரையில் ‘காலாவதியாகிவிட்டது’ என்று வந்துவிட்டது. மறுபடி அனுப்பும்படி தட்டினாள். நான்கு ஐம்பத்து நான்கு.

“இன்னா குழலி? பாப்பா யாரோ திருடங்க கூப்புடறாங்கன்னு சொல்லுது.”

“ஏங்க, இப்போ ஒரு நம்பர் வரும். வந்த உடனே படிங்க. கேள்வி கேக்காதீங்க!”

“வரல... இன்னும் வரல... வந்துடுச்சு. எட்டு, நாலு, நாலு—”

“ரெண்டு நாலா?”

“ரெண்டு நாலு. ஒண்ணு. ஏழு. அஞ்சு.”

பிரேம்நாத் தட்டினான். அவள் கையில் போன் இருந்ததால் விசைப்பலகையை அவனே வாங்கிக்கொண்டான். திரை வெளுத்தது. செய்தித்தாள் படித்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தார்; என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

‘உங்கள் ஆட்சேபம் பெறப்பட்டது. நேரம்: 16:57.’

குழலி சுகாசினியைப் பார்த்தாள். சுகாசினி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சரி, ஒரு தடவ கத்திக்கோ” என்றார்.

கத்தினாள். செய்தித்தாள்காரரும் சேர்ந்து கைதட்டினார்.

படியிறங்கும்போது பிரேம்நாத் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “அக்கா, நீ ரெண்டு மாசம் முட்டிக்கினது உன் பொண்ணுக்கு ஒம்பது வயசுல வந்துடுச்சு. அம்மான்னா அம்மா குரல் இருக்கணும். ஆனா குரல் இருந்தா மட்டும் அம்மா ஆயிட முடியாது!”

“வீட்டுக்குப் போயி அவளை நான் வச்சிக்கறேன்” என்றாள் குழலி. ஆனால் அன்று மாலை யானை பார்டரை முடித்துவிட்டு வீடு திரும்பியபோது, வழியில் இறங்கி மகளுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டுதான் போனாள்.

இருபத்தாறு நாள் கழித்து இறுதி விடைக்குறிப்பு வந்தது. அது ஒரு காலை ஏழரை மணி. தெருவில் பாவு நீண்டு கிடந்தது. லோகேஷும் மூன்று பேரும் கஞ்சி போட்டுக்கொண்டிருக்க, குழலி ஒரு முனையில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். பிரேம்நாத் போனில் கத்திய கத்தல் எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

“அக்கா, அறுபத்து மூணு! தமிழ் வழி அ! ஆங்கில வழி இ! தனித்தனியா போட்டிருக்காங்க! ஒத்துக்கினாங்கக்கா!”

குழலி இழையை விட்டுவிட்டு எழுந்தாள். லோகேஷ் பாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “கெடச்சிதா?” என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். அவன் கையில் கஞ்சித் துணியோடு பாவுக்கு அடியில் குனிந்து நுழைந்து அவளிடம் வந்தான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதை மறந்து அவள் தோளில் ஈரக் கையை வைத்தான். ரவிக்கையில் ஐந்து விரலும் பதிந்தது.

“ஆனா ஒண்ணுக்கா” என்றான் பிரேம்நாத் போனில். “மார்க்கு வந்துடுச்சு. லிஸ்ட் இன்னும் வரல.”

அது அவளுக்கும் தெரியும். அந்த ஒரு மதிப்பெண் இல்லாமல் வேலை இல்லை. அது இருந்தால் வேலை என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த எட்டு நாளும் அவள் போட்ட மயில்களுக்குக் கழுத்து கோணிக்கொண்டு வந்தது.

ஒன்பதாம் நாள் பட்டியல் வந்தது. கடையின் மாடியில், முதலாளியும் இரண்டு விற்பனைப் பெண்களும் சூழ்ந்து நிற்க, குழலி பதிவு எண்களின் மேல் விரலை ஓட்டினாள். நாற்பது. ஐம்பது. ஐம்பத்து மூன்றாவது இடத்தில் அவள் எண். மூன்று முறை பார்த்தாள். முதலாளி, “அதாம்மா, அதேதான்!” என்று கத்தினார். விற்பனைப் பெண்களில் ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்தாள். குழலி அவள் தோளுக்கு மேலாக இன்னும் கீழே தேடிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. பிரேம்நாத்தின் எண் அறுபதுக்குள் இல்லை. அடுத்த பக்கத்தில், காத்திருப்போர் பட்டியலில், இரண்டாவதாக இருந்தது.

படியிறங்கிக் கடையின் பின்பக்கம் போய் நின்று அவனைக் கூப்பிட்டாள். வாய் திறக்கும் முன்பே அழுகை வந்துவிட்டது.

“அட, இன்னாக்கா இது? ஐம்பத்து மூணு! நான் பாத்துட்டேன். எங்க வீட்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”

“உன் தாளை நான் ஏத்தியிருக்கக் கூடாதுப்பா.”

“ஏத்தினது நான். உன் கையில போன் இருந்துச்சு, மறந்துட்டியா?” கொஞ்சம் நிறுத்தினான். குரல் இறங்கியது. “கஷ்டமாத்தான் இருக்குது. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு அந்த வயல்லயே நின்னிருந்தா இப்போ இதை விடக் கஷ்டமா இருந்திருக்கும். அழுவாத. நீ அழுதா எனக்கும் வந்துடும், பக்கத்துல எங்கப்பா வேற நிக்கறாரு.”

சான்றிதழ் சரிபார்ப்பு சென்னையில் இரண்டு நாள் நடந்தது. குழலி முதல் நாளே போய்வந்தாள். வரிசையில் நின்றபோது முன்னும் பின்னும் எண்ணிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு முன்னால் இருக்க வேண்டிய மூன்று பேர் வரவில்லை. வேறு தேர்வில் தேறிவிட்டார்களாம். அதைப் பிரேம்நாத்திடம் சொல்லவில்லை. நிச்சயமில்லாததைச் சொல்லி ஆசை காட்ட மனம் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவள் ஒரு முந்தானையில் அன்னப்பறவைக்கு வால் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்ததும் இரைச்சல்தான் கேட்டது. டிராக்டர் சத்தம், யாரோ ஒரு பெரியவர் சிரிக்கும் சத்தம், அதற்கு நடுவில் பிரேம்நாத்தின் குரல்.

“அக்கா! மெயில் வந்திருக்குது! வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குச் சரிபார்ப்புக்கு வரச் சொல்லியிருக்காங்க! காத்திருப்போர்ல மூணு பேரை எடுத்திருக்காங்க, நான் ரெண்டாவது!”

குழலி நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் மேசை ஆடியது. கீழேயிருந்து முதலாளி, “இன்னாமா ஆச்சு மேல?” என்று குரல் கொடுத்தார்.

“பிரேமு, கவனமா கேளு. ஆறு மணிக்கே பஸ் ஏறிடு. ஒரிஜினல் எல்லாத்தையும் தனி ஃபைல்ல வை. எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு காப்பி. போட்டோ நாலு. உள்ள போனா வலது பக்கம் கவுன்ட்டர், இடது பக்கம் நிக்காத, நான் நின்னு அரை மணி நேரம் போச்சு. சட்டை இருக்குதா நல்லதா?”

“மெதுவாக்கா, எழுதிக்கறேன்!” என்று கத்தினான் அவன். “அப்பா, பேனா எங்க? பேனா குடுப்பா!”

பேனா தேடும் சத்தம் கேட்டது. குழலி போனைக் காதில் வைத்துக்கொண்டு, திரையில் வால் இல்லாமல் நின்ற அன்னத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காத்திருந்தாள்.